செல்லுக்கு வெளியேயா, உள்ளேயா? மார்பகப் புற்றுநோய்ப் பெப்டைடுக்கு நான்கு வழிகள்

ஆனி பிறந்தால் எனக்குப் போன் வரத் தொடங்கிவிடும். கல்லூரி திறந்து, கைடு ஒதுக்கி, 'தலைப்பு எங்கே' என்று துறைத்தலைவர் கெடு வைக்கிற மாதம் அது. போன வாரம் அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு மாணவி பேசினாள்.

"ஸார், பிரெஸ்ட் கேன்சர் சிக்னலிங்கத் தடுக்கிற மாதிரி ஒரு பெப்டைடு பண்ணலாம்னு இருக்கேன். ஸ்டேப்பிள் போட்டுப் பண்ணவா, டாட் வால ஒட்டிப் பண்ணவா, இல்ல நம்ம ஊரு மூலிகையில இருந்தே எடுக்கவா? எதை எடுத்தா ஸார் ஒப்பேத்தலாம்?"

இதே கேள்வியை வேறு வேறு குரலில் நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். (பெப்டைடு என்பது அமினோ அமிலங்களை மணிபோலக் கோத்த குட்டிச் சரம், புரதத்தின் சின்ன உறவு. ஸ்டேப்பிள், டாட் இரண்டும் என்னவென்று கீழே வரும்.) ஐதராபாத்தில் பெப்டைடு தயாரிக்கும் ஒரு கூடத்தில் சில வருஷம் ரெசின் குலுக்கிவிட்டு, இப்போது பாளையங்கோட்டையில் உட்கார்ந்து பிள்ளைகளின் பிராஜெக்ட்டைத் திருத்திக்கொண்டிருப்பவன் நான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே மொத்தமாக எழுதிவைக்கிறேன். ஒன்று மட்டும்: இது ஆராய்ச்சி செய்யப் போகிறவர்களுக்கான கட்டுரை. வீட்டில் யாருக்காவது சிகிச்சை நடக்கிறது என்றால் அந்த முடிவுகளைப் புற்றுநோய் மருத்துவரிடம்தான் பேச வேண்டும்.

முதலில் ஆற்றைப் பார்த்துக்கொள்வோம்

தாமிரபரணியைத் தெரிந்தவர்களுக்குச் சமிக்ஞைப் பாதையை, அதாவது செல்லுக்குள் சேதி கைமாறிப் போகும் வழியை, விளக்குவது சுலபம். பாபநாசத்தில் இறங்கும் தண்ணீர் கன்னடியன், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று அணைக்கட்டுக்கு அணைக்கட்டு கால்வாயாகப் பிரிந்து கடைமடைக் குளம் வரை போகிறது. செல்லின் மேற்பரப்பில் நின்று சேதியை வாங்கும் ஹெர்2 போன்ற ஏற்பிப் புரதத்தைப் பாபநாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து பி.ஐ.3கே, ஏ.கே.டி., எம்டார் என்று ஒரு கால்வாய். ராஸ், ராஃப், மெக், எர்க் என்று இன்னொரு கால்வாய். எல்லாம் சேதியைக் கைமாற்றும் புரதங்களின் பெயர்கள். கடைமடை செல்லின் உட்கரு. 'பெருகு' என்ற உத்தரவு அங்கே போய்ச் சேர்கிறது.

புற்றுநோயில் ஏதோ ஒரு மடை திறந்தபடியே சிக்கிக்கொள்கிறது. எந்த மடை என்பதை வைத்துத்தான் மார்பகப் புற்றுநோயை வகைப்படுத்துகிறார்கள்: ஈஸ்ட்ரோஜன் ஏற்பியால் ஓடுவது, ஹெர்2 பெருகியதால் ஓடுவது, ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஹெர்2 என்ற மூன்று ஏற்பிகளும் இல்லாத மும்மை எதிர்மறை வகை. ஒரு மடையை அடைத்தால் தண்ணீர் அடுத்த கால்வாயில் ஏறும் என்பதும் நம் விவசாயிகளுக்குத் தெரிந்ததுதான். எம்டாரைத் தடுக்கும் எவரோலிமஸ் கொடுத்தால் மேலே ஏ.கே.டி. சூடாவது அப்படித்தான். ஆகவே 'நான் ஒரு மடையை அடைத்துவிட்டேன்' என்று ஒரு பெப்டைடு சொன்னால், பக்கத்துக் கால்வாயில் நீர்மட்டம் என்ன ஆனது என்று பார்க்காமல் நம்ப முடியாது.

எதை வைத்து எடைபோடுவது

ஐந்து கேள்விகள். இவற்றுக்குப் பதில் எழுதாமல் தலைப்பைக் கொடுக்காதீர்கள்.

முதல் கேள்வி, இலக்கு செல்லுக்கு வெளியே இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா? மற்ற நான்கையும் சேர்த்து வைத்தாலும் இந்த ஒன்றுக்கு ஈடாகாது. பெப்டைடுக்கு இயல்பாகவே எண்ணெய்ச் சவ்வைத் தாண்டிப் போகும் குணம் கிடையாது. வாசலில் நிற்கும் ஆளைப் பார்ப்பதற்கும், பூட்டிய வீட்டுக்குள் அடுக்களையில் இருக்கும் ஆளைப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது.

இரண்டாவது, இரத்தத்தில் எவ்வளவு நேரம் தாங்கும்? உடம்பு முழுவதும் புரதத்தை நறுக்கும் நொதிகள். தப்பித்ததைச் சிறுநீரகம் வடித்துவிடும். மூளையின் ஹைப்போதலாமஸ் சுரக்கும் ஜி.என்.ஆர்.எச். என்ற பத்து அமினோ அமிலப் பெப்டைடுக்குச் சில நிமிடங்கள்தான் ஆயுள். 1971-ல் ஷால்லி, கில்லெமின் இருவரின் குழுக்களும் அதன் அமைப்பைக் கண்டுபிடித்தன. 1977-ல் நோபல் பரிசு வந்தது. அதே பெப்டைடில் ஆறாவது இடத்தில் உள்ள கிளைசினுக்குப் பதில் டி-வடிவ (இயற்கையான எல்-வடிவத்தின் கண்ணாடிப் பிம்பம்) அமினோ அமிலத்தைப் போட்டு, பத்தாவதையும் மாற்றிச் செய்ததுதான் கோசெரெலின். மாதவிடாய் நிற்காத பெண்களின் மார்பகப் புற்றுநோய்க்கு 28 நாளுக்கு ஒருமுறை வயிற்றுத் தோலடியில் போடுகிறார்களே, அது பெப்டைடு மருந்து. 'மார்பகப் புற்றுநோயில் பெப்டைடு ஜெயிக்குமா ஸார்' என்று கேட்பவர்களிடம் நான் முதலில் இதைத்தான் சொல்வேன். அது எங்கே வேலை செய்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்வேன்: பிட்யூட்டரி செல்லின் வெளிப்பரப்பில்.

மூன்றாவது, கைக்கு வந்துசேர என்ன ஆகும்? மெரிஃபீல்டு 1963-ல் சொன்ன திண்மநிலை முறையில் (1984-ல் நோபல்) ரெசின் துகளின்மேல் ஒவ்வொரு அமினோ அமிலமாகக் கோக்கிறோம். ஒவ்வொரு கோப்பும் 99 சதவீதம் நடந்தால் முப்பது மணிச் சரத்தில் கடைசியில் 75 சதவீதம் சரியானது. கோப்பு 95 சதவீதமாக இறங்கினால் கடைசியில் வெறும் 23 சதவீதம். மிச்சமெல்லாம் ஒரு மணி, இரண்டு மணி விட்டுப்போன சரங்கள். அவற்றைப் பிரித்தெடுக்கும் எச்.பி.எல்.சி. செலவுதான் பில்லில் கனக்கும்.

நான்காவது, அடித்தது இலக்கைத்தானா? செல் செத்தது என்பதால் சமிக்ஞை நின்றது என்று ஆகிவிடாது. நேர்மின்சுமை நிறைந்த பல பெப்டைடுகள், அளவு கூடினால் சவ்வைக் கிழித்துக் கொல்லும். சோப்பும் கொல்லும். அதே அமினோ அமிலங்களை வரிசை கலைத்துப் போட்ட இன்னொரு பெப்டைடை ஒப்பீட்டுக்கு வைக்காமல் செய்த எந்த ஆய்வையும் நான் இரண்டாவது பக்கம் புரட்டுவதில்லை.

ஐந்தாவது, இதே வழியில் போனவர்கள் மனிதர்களிடம் எதுவரை போனார்கள்?

பெப்டைடுதான் வேண்டுமா?

சீக்கிரம் முடித்துவிடுகிறேன். இலக்கு ஒரு கைனேஸின் (பாஸ்பேட் ஏற்றும் நொதி) ஏ.டி.பி. குழி என்றால் பெப்டைடை விட்டுவிடுங்கள். சின்ன மூலக்கூறு மாத்திரை அந்தக் குழியில் கச்சிதமாக உட்காரும். லபாட்டினிப் (2007), அல்பெலிசிப் (2019) எல்லாம் அந்த இனம். இலக்கு வெளியே இருந்து, பணமும் செல்வளர்ப்பு வசதியும் கொட்டிக் கிடந்தால் ஆன்டிபாடி. 1998-ல் வந்த, ஹெர்2-வைப் பிடிக்கும் டிராஸ்டுசுமாப் அந்த இனம்.

இரண்டுக்கும் நடுவே ஒரு இடம் இருக்கிறது. ஒரு புரதம் இன்னொரு புரதத்தோடு அகலமாகத் தட்டையாக ஒட்டும் முகப்பு. பிடிக்கக் குழி இல்லாததால் சின்ன மூலக்கூறு வழுக்கும். உள்ளே இருப்பதால் ஆன்டிபாடி எட்டாது. பெப்டைடுக்கு உண்மையான வேலை அங்கேதான். சங்கடம் என்னவென்றால் அந்த இடங்களில் பெரும்பாலானவை வீட்டுக்குள்ளே இருக்கின்றன.

வழி ஒன்று: நேர்ச்சரமும் டாட் வாலும்

எச்.ஐ.வி.யின் டாட் புரதம் தானாகவே செல்லுக்குள் நுழைகிறது என்று 1988-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியே சொன்னார்கள். அதில் 47 முதல் 57 வரையுள்ள பதினொரு அமினோ அமிலத் துண்டே போதும் என்று பின்னால் தெரிந்தது. எட்டு ஆர்ஜினின், லைசின்கள் அடங்கிய துண்டு. உங்கள் பெப்டைடோடு இதை ஒட்டிவிட்டால் உள்ளே போய்விடும் என்பதுதான் இந்த வழியின் கவர்ச்சி. ஆர்டர் கொடுக்க எளிது, விலையும் கட்டுப்படியாகும். ஸ்டாட்3 புரதத்தில் பாஸ்பேட் ஏறிய டைரோசினைப் பிடிக்கும் எஸ்.எச்.2 பகுதி, கிரப்2-வில் உள்ள அதே மாதிரிப் பகுதி, இவற்றையெல்லாம் இப்படி அடிக்கப் பார்த்திருக்கிறார்கள்.

மறைந்திருக்கும் செலவு மூன்று. முதலாவது தராசில். பெப்டைடு பெரும்பாலும் டி.எஃப்.ஏ. (டிரைஃப்ளூரோஅசிட்டிக் அமிலம்) உப்பாகத்தான் வரும். டாட் துண்டின் எடை சுமார் 1,560. அதில் நேர்மின்சுமை ஏறக்கூடிய இடம், அந்த எட்டோடு சரத்தின் தொடக்க முனையையும் சேர்த்து, ஒன்பது. ஒவ்வொன்றிலும் 114 எடையுள்ள ஒரு டி.எஃப்.ஏ. ஒட்டிக்கொண்டால் 1,026. அதாவது குப்பியில் இருக்கும் தூளில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் பெப்டைடே இல்லை. அதைத் தெரியாமல் மைக்ரோமோலார் கணக்குப் போட்டால் ஆய்வேடு முழுக்கத் தப்பு. டி.எஃப்.ஏ. செல்லையும் பாதிக்கலாம் என்பது போனஸ். அசிடேட் உப்பாக மாற்றித் தரச் சொல்லுங்கள். தனிக் கட்டணம்தான், ஆனால் கொடுங்கள்.

இரண்டாவது, 'உள்ளே போனது' என்ற படம். ஒளிரும் சாயம் ஒட்டிய டாட், உட்கரு வரை போய்ப் பளபளப்பதாகப் படம் படமாக வந்துகொண்டிருந்தது. 2003-ல் ஒரு குழு, செல்லை ஃபார்மால்டிஹைடிலோ மெத்தனாலிலோ உறையவைப்பதால்தான் அந்தக் காட்சி வருகிறது, உயிருள்ள செல்லில் பார்த்தால் பெரும்பகுதி எண்டோசோம் பைகளுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது என்று காட்டியது. பைக்குள் இருப்பது வெளியில் இருப்பதற்குச் சமம்தான். படம் எடுத்தால் உயிருள்ள செல்லில் எடுங்கள்.

மூன்றாவது, ஆயுள். நேர்ச்சரத்துக்கு நொதிகள் முன்னால் நிமிடக் கணக்குதான்.

இந்த வகையின் தூரத்து உறவாகப் பி28-ஐச் சொல்ல வேண்டும். சூடோமோனாஸ் பாக்டீரியாவின் அசூரின் புரதத்திலிருந்து வெட்டிய 28 அமினோ அமிலத் துண்டு. வால் எதுவும் ஒட்டாமல் தானே உள்ளே போய், பி53 என்ற புற்றுநோய் தடுப்புப் புரதத்தைச் சிதையாமல் காக்கிறது. எண்ணெய் தின்னும் பாக்டீரியாவுக்காக அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 1980-ல் ஜெயித்தாரே, வங்காளத்துக்காரர் ஆனந்த மோகன் சக்கரவர்த்தி, அவருடைய குழுவின் வேலை. 2013-ல் வெளியான முதற்கட்டச் சோதனையில் 15 நோயாளிகள். அதுவே ஒரு பெரிய விஷயம்.

ஐந்து மாதப் பிராஜெக்டில், 'இந்த முகப்பைத் தடுத்தால் இந்தக் கால்வாய் வற்றுகிறதா' என்ற கேள்விக்கு விடை தேடும் கருவியாக இந்த வழி நல்லது. மருந்தாக்குகிறேன் என்று இதில் இறங்காதீர்கள்.

வழி இரண்டு: ஸ்டேப்பிள் போட்ட சுருள்

இதன் அழகை ரசிக்க 1963-க்கு, சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். ஜி.என். ராமச்சந்திரன், சசிசேகரன், ராமகிருஷ்ணன் மூவரும் பெப்டைடுச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும், எவற்றில் அணுக்கள் இடித்துக்கொள்ளும் என்று ஒரு வரைபடம் போட்டார்கள். இன்றைக்கும் உலகத்தில் எந்தப் புரத அமைப்பு வந்தாலும் அந்த வரைபடத்தில் போட்டுப் பார்த்துத்தான் ஒப்புக்கொள்கிறார்கள். குட்டிப் பெப்டைடின் சிக்கல், அது அந்த வரைபடத்தில் ஒரு இடத்தில் நிற்காமல் அலைந்துகொண்டே இருப்பது. புரதத்துக்குள் இருக்கும்போது சுருளாக இருந்த துண்டு, வெட்டி எடுத்தவுடன் தளர்ந்த கயிறாகிவிடும்.

ஸ்டேப்பிள் என்பது அந்தக் கயிற்றைச் சுருளாகவே பிடித்து வைக்கும் ஹைட்ரோகார்பன் பாலம். சுருளின் ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலம். அதனால் ஓரிடத்துக்கும் அதிலிருந்து நாலாவது இடத்துக்கும், அல்லது ஏழாவது இடத்துக்கும் பாலம் போட்டால் இரண்டும் ஒரே பக்கத்தில் அமையும். 2000-ல் வெர்டைனின் குழு இந்த முறையைச் சொன்னது. கிரப்ஸ் வினையூக்கியால் இரண்டு முனைகளையும் இணைக்கிறார்கள். சுருள் நிலைத்தால் நொதிகளுக்குக் கடிக்க இடம் கிடைப்பதில்லை. சில சமயம் செல்லுக்குள்ளும் நுழைகிறது.

எல்லோரும் எடுக்கும் உதாரணம் பி53–எம்.டி.எம்.2. செல்லின் காவல்காரன் பி53. அதைப் பிடித்து அழிக்கும் ஆள் எம்.டி.எம்.2. பி53-இன் சுருளில் 19-ஆவது ஃபீனைல்அலனின், 23-ஆவது டிரிப்டோஃபேன், 26-ஆவது லியூசின் மூன்றும் மூன்று விரல்போல எம்.டி.எம்.2-வின் பள்ளத்தில் செருகுகின்றன. அதே மூன்று விரலோடு ஸ்டேப்பிள் போட்ட சுருளைக் கொடுத்தால் எம்.டி.எம்.2 அதைப் பிடித்துக்கொள்ளும், பி53 தப்பிக்கும்.

இங்கேதான் நான் வருஷா வருஷம் ஒரே தவறைப் பார்க்கிறேன். 'மும்மை எதிர்மறை வகைதான் கடினமானது, அதில் காட்டினால் பெயர் கிடைக்கும்' என்று எம்.டி.ஏ-எம்.பி-231 செல்லை எடுப்பார்கள். அந்தச் செல்லில் பி53 திரிந்து கெட்டுப்போனது. 280-ஆவது இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதில் லைசின். கெட்ட காவல்காரனை விடுவித்து என்ன பயன்? 2012-ல் வந்த டி.சி.ஜி.ஏ. (புற்றுநோய் மரபணுத் தொகுப்புத் திட்டம்) ஆய்வில், மும்மை எதிர்மறையில் பெரும்பாலானவை அடங்கும் பேசல் வகைக் கட்டிகளில் ஏறக்குறைய 80 சதவீதத்தில் பி53 திரிந்திருந்தது. இந்தப் பெப்டைடுக்கு எம்.சி.எஃப்-7 செல்தான் சரி, அதில் பி53 நல்ல நிலையில் இருக்கிறது. 231-ஐ 'வேலை செய்யக் கூடாத' ஒப்பீடாக வைத்துக்கொள்ளலாம். அதிலும் செல் செத்தால் உங்கள் பெப்டைடு சவ்வைக் கிழிக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள்.

(செல் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். எம்.டி.ஏ-எம்.பி-435 என்று யாராவது நண்பர் ஒரு குப்பி கொடுத்தால் வாங்காதீர்கள். பல காலம் மார்பகப் புற்றுநோய்ச் செல்லாகப் புழங்கிய அது, தோலின் மெலனோமா செல் என்று நிரூபணமாகிவிட்டது. புனே தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து முறையாக வரவழைப்பது நல்லது.)

செலவுக்கு வருவோம். பாலம் போடத் தேவையான ஓலிஃபின் அமினோ அமிலங்கள் தயாரிப்புக்கு வழக்கமாக வாங்கும் ஃப்மாக் அமினோ அமிலங்களைவிடப் பல மடங்கு விலை. பாலம் எந்த இடத்தில் என்பது முதல் முயற்சியில் அமையாது, நாலைந்து வடிவம் செய்து பார்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கலைத்த ஒப்பீடு அல்லது அந்த ஃபீனைல்அலனினை அலனினாக மாற்றிய ஒப்பீடு. மெல்ல மெல்லப் பத்துப் பெப்டைடு ஆகிவிடும். அடுத்தது சீரம். எண்ணெய்ப்பசை ஏறிய இந்தச் சுருள்கள் செல் வளர்ப்பு ஊடகத்தில் சேர்க்கும் கன்றுச் சீரத்தில் உள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும். சீரம் இல்லாத ஊடகத்தில் அற்புதமாக வேலை செய்தது, பத்து சதவீதச் சீரத்தில் காணாமல் போவது சகஜம். சீரம் இல்லாத படத்தை மட்டும் போட்டிருந்தால் வைவாவில் மாட்டுவீர்கள். சவ்வு கிழிந்தால் வெளியே வரும் எல்.டி.எச். நொதியின் கசிவைக் கட்டாயம் அளந்து வையுங்கள்.

மனிதர்களிடம் ஏ.எல்.ஆர்.என்-6924 என்ற ஸ்டேப்பிள் பெப்டைடு போயிருக்கிறது. பி53 திரிந்த மார்பகப் புற்றுநோய் உள்ளவர்களுக்கு வேதிச்சிகிச்சையின்போது நல்ல செல்களைக் காக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டியில் பி53 கெட்டது, நல்ல செல்லில் நல்லது என்பதையே சாதகமாக்கும் புத்திசாலித்தனமான யோசனை. 2023-ல் அந்தச் சோதனை எதிர்பார்த்த பயன் தெரியாமல் நிறுத்தப்பட்டது. யோசனை நன்றாக இருப்பதும் பலிப்பதும் வேறு வேறு.

நாலு வருஷம் கையில் இருக்கும் முனைவர் பட்டத்துக்கு, அதுவும் வேதியியல் கை உள்ளவர்களுக்கு, இது அருமையான வழி. முதுகலை மாணவர்களுக்கு வேண்டாம் என்பேன்.

வழி மூன்று: வேலியோரத்து வளையங்கள்

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதில்தான் ஆசை அதிகம், எனக்கும் பிடிக்கும். சைக்ளோடைடு என்ற தாவரப் பெப்டைடுகள். ஏறத்தாழ முப்பது அமினோ அமிலம், தலையும் வாலும் இணைந்த வளையம், நடுவே ஆறு சிஸ்டீன் மூன்று முடிச்சுப் போட்டிருக்கும். முனையே இல்லாததால் முனையிலிருந்து கடிக்கும் நொதிக்கு வேலை இல்லை. காங்கோவில் பிரசவ வலியைத் தூண்டப் பெண்கள் ஒரு செடியைக் கொதிக்கவைத்துக் குடிப்பதை லோரன்ட்ஸ் கிரான் என்ற நார்வே மருத்துவர் கவனித்ததிலிருந்து கதை தொடங்குகிறது. கொதித்தும் கெடாத அந்தப் பெப்டைடு, கலாட்டா பி1. பெயரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள், அந்தக் கஷாயத்தின் பெயர் அது.

இந்த இனம் நம் வேலியிலும் இருக்கிறது. சங்குப்பூவில் சைக்ளோடைடு உண்டு என்று 2011-ல் தெரிந்தது. ஓரிதழ் தாமரையிலிருந்து செல்லைக் கொல்லும் சைக்ளோடைடுகளைப் பிரித்து 2020-ல் எழுதியிருக்கிறார்கள். மானூர்ப் பக்கம் மழைக்குப் பிறகு தரிசில் குனிந்தால் ஓரிதழ் தாமரை கிடைக்கும்.

ஆனால் பொறுங்கள். சைக்ளோடைடு கொல்வது பெரும்பாலும் சவ்வில் உள்ள ஃபாஸ்ஃபாடிடைல் எத்தனோலமின் என்ற கொழுப்பைப் பிடித்துத் துளை போட்டுத்தான். ஆஸ்திரேலியாவில் சங்குப்பூச் சாற்றைப் பருத்திக்குப் பூச்சிமருந்தாக விற்கிறார்கள். ஆகவே இலைச்சாறு எடுத்து, எம்.சி.எஃப்-7-ல் ஊற்றி, எம்.டி.டி. (எத்தனை செல் உயிரோடு இருக்கிறது என்று காட்டும் நிறச் சோதனை) போட்டு, 'சமிக்ஞையைத் தடுக்கிறது' என்று எழுதினால் அது பொய். இந்த மாதிரி ஆய்வேடுகள் நம் நூலகங்களில் ஏற்கெனவே ரேக் ரேக்காக இருக்கின்றன.

சரியான பயன்பாடு வேறு. வளையத்தைச் சட்டமாக வைத்துக்கொண்டு, அதன் ஒரு கண்ணியில் நமக்கு வேண்டிய வரிசையைச் செருகுவது. ஒட்டுமாங்கன்று கட்டுவது மாதிரி. பாகல் குடும்பத்துக் கொடி ஒன்றின் விதையிலிருந்து வந்த எம்.கோ.டி.ஐ. வளையத்தில் பி53 சுருளை ஒட்டி, எலியில் பி53 பாதையைத் தட்டியெழுப்பியதை 2013-ல் காட்டினார்கள். அழகான வேலை. ஆனால் ஆறு சிஸ்டீன் மூன்று ஜோடியாகச் சேர 15 வழி இருக்கிறது. அதில் ஒன்றுதான் சரி. மடிப்பு சரியாக விழாமல் மாதக்கணக்கில் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். பிரித்தெடுத்த பிறகு வரிசையை உறுதிசெய்ய நல்ல மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வேண்டும், அதற்கு மதுரைக்கோ சென்னைக்கோ ஓட வேண்டும். செடிக்காக மலையேறுவதாக இருந்தால், களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு இலை கிள்ளக் கூடாது. வயல்வரப்பில் கிடைப்பதை எடுங்கள், மாதிரியைத் தாவரவியல் துறையில் அடையாளம் உறுதிசெய்து வையுங்கள்.

தாவரவியல், வேதியியல் இரண்டு துறையும் கைகோக்கும் கல்லூரியில், ஒரு ஆசிரியர் ஐந்தாறு வருஷம் தொடர்ந்து நடத்தும் வேலையாக இது சிறக்கும்.

வழி நான்கு: வாசலிலேயே பிடிப்பது

ஹெர்2-வுக்குத் திரும்புவோம். இதற்கென்று தனி லைகாண்டு (வந்து ஒட்டித் தூண்டும் மூலக்கூறு) கிடையாது. பக்கத்தில் இருக்கும் ஹெர்3 போன்ற இன்னொரு ஏற்பியோடு ஜோடி சேர்ந்துதான் சமிக்ஞையைக் கிளப்புகிறது. டிராஸ்டுசுமாப் அதன் நாலாம் பகுதியைப் பிடிக்கிறது. பெர்டுசுமாப் (2012) ஜோடி சேரும் கையையே பிடிக்கிறது. டிராஸ்டுசுமாபின் பிடிமானக் கண்ணி ஒன்றை மட்டும் நகலெடுத்து, டைசல்ஃபைடால் (இரண்டு சிஸ்டீனுக்கு நடுவே விழும் பிணைப்பு) வளைத்துச் செய்த ஏ.எச்.என்.பி. என்ற குட்டிப் பெப்டைடு 2000-லேயே வந்துவிட்டது. எடை சுமார் 1.5 கிலோடால்டன். முழு ஆன்டிபாடியின் நூறில் ஒரு பங்கு.

உள்ளே போக வேண்டிய தொல்லை இல்லாததால் பரிசோதனை எல்லாமே நேராகிவிடுகிறது. ஹெர்2 ஏராளமாக உள்ள எஸ்.கே-பி.ஆர்-3 செல்லில் ஒட்ட வேண்டும், குறைவாக உள்ள 231-ல் ஒட்டக் கூடாது. டிராஸ்டுசுமாப் சேர்த்தால் உங்கள் பெப்டைடு விலக வேண்டும். கலைத்த பெப்டைடு இரண்டிலும் ஒட்டக் கூடாது. மூன்றும் சரியாக வந்தால் பெப்டைடு பிடித்த இடம் உறுதி. அப்புறம் வெஸ்டர்ன் பிளாட்டில் (ஆன்டிபாடி கொண்டு புரத அளவைப் பார்க்கும் சோதனை) பாஸ்பேட் ஏறிய ஏ.கே.டி., எர்க் இரண்டையும் பாருங்கள். முதலில் சொன்ன பக்கத்துக் கால்வாய் அதுதான்.

குறைகள் இல்லாமல் இல்லை. குட்டிப் பெப்டைடின் பிடி தளர்வானது. ஆன்டிபாடி நானோமோலாரில் செய்வதற்கு இதற்கு மைக்ரோமோலார் வேண்டியிருக்கும். ஒட்டுவதும் தடுப்பதும் ஒன்றில்லை. சும்மா ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெப்டைடுகள்தான் அதிகம். வைவாவில் 'டிராஸ்டுசுமாப் இருக்கும்போது இது எதற்கு' என்று கட்டாயம் கேட்பார்கள். அதற்குப் பதிலை முன்னமே வைத்துக்கொள்ளுங்கள்: சிறியது, கட்டிக்குள் சீக்கிரம் ஊறும், ஸ்கேன் எடுக்கக் கதிரியக்க அணுவைத் தூக்கிப் போகும், மருந்தைச் சுமந்து போகும்.

அந்தச் சுமக்கும் வேலையும் எப்போதும் கைகூடுவதில்லை. ஜி.என்.ஆர்.எச். மாதிரிப் பெப்டைடில் டாக்ஸோருபிசின் என்ற வேதிச்சிகிச்சை மருந்தை ஏற்றிச் செய்த சோப்டரெலின் டாக்ஸோருபிசின், கருப்பை உட்படலப் புற்றுநோயில் மூன்றாம் கட்டச் சோதனையில் 2017-ல் தோற்றது. ஆயுள் பிரச்சினைக்கு மட்டும் இன்று நல்ல விடை உண்டு. சர்க்கரை நோய்க்கும் எடைக் குறைப்புக்கும் என்று எல்லாரும் பேசும் செமாக்ளுடைடு 31 அமினோ அமிலப் பெப்டைடு. அதற்கு மூலமான, குடலில் இயற்கையாகச் சுரக்கும் ஜி.எல்.பி-1-க்கு இரண்டு நிமிட ஆயுள் என்றால் இதற்கு ஏறத்தாழ ஒரு வாரம். ஒரு கொழுப்பமில வாலை ஒட்டி இரத்த அல்புமினைப் பிடித்துத் தொங்கவைத்தார்கள். அதுவும் வாசலில் நிற்கும் ஏற்பியைத்தான் பிடிக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

ஒரே பார்வையில்

| | நேர்ச்சரம் + டாட் | ஸ்டேப்பிள் சுருள் | தாவர வளையம் | வாசல் பெப்டைடு |
|---|---|---|---|---|
| இலக்கு | உள்ளே | உள்ளே | இரண்டும் | வெளியே |
| நொதி தாங்குமா | தாங்காது | ஓரளவு நன்றாக | மிக நன்றாக | டி-வடிவம், வளையம், வால் சேர்த்தால் |
| தயாரிப்பு | எளிது | கடினம், விலை அதிகம் | மடிப்பு கடினம் | எளிது முதல் நடுத்தரம் |
| ஏமாற்றும் இடம் | எண்டோசோம், உப்பு எடை | சீரம், தவறான செல் | சவ்வுத் துளை | ஒட்டும், தடுக்காது |
| காலம் | 5–6 மாதம் | 4 வருஷம் | 5 வருஷத்துக்கு மேல் | 6 மாதம் முதல் |

நான் என்றால்

அபிஷேகப்பட்டியிலோ பாளையங்கோட்டையிலோ ஒரு முதுகலை மாணவர், சின்னக் கல்லூரி நிதி, செல் வளர்ப்பு அறை ஒன்று என்ற நிலையில் நான் நாலாவது வழியைத்தான் எடுப்பேன். கணினியில் பெப்டைடை இலக்கோடு பொருத்திப் பார்க்கும் டாக்கிங் வேலையை முதல் மாதத்திலேயே முடித்துவிடலாம். ஹெர்2–டிராஸ்டுசுமாப் அமைப்பு புரத அமைப்பு வங்கியில் (பி.டி.பி.) 1என்8இசட் என்ற எண்ணில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் சின்ன மூலக்கூறுக்கென்று செய்த டாக்கிங் மென்பொருளில் பதினைந்து அமினோ அமிலச் சரத்தைப் போட்டு, வந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். சுழலும் பிணைப்பு அத்தனை இருந்தால் அது தடுமாறும். பெப்டைடுக்கென்றே உள்ள ஹாடாக் மாதிரி வழிகளைப் பயன்படுத்துங்கள்.

முனைவர் பட்டத்துக்கு வருபவர் வேதியியல்காரர் என்றால் இரண்டாவது வழி, உயிரியல்காரர் என்றால் மறுபடியும் நாலாவது. மூலிகையில் மனசு நின்றுவிட்டவர்களைத் தடுக்க மாட்டேன், ஆனால் கைடு இன்னும் ஐந்து வருஷம் அதே கல்லூரியில் இருப்பாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆர்டர் போடும் முன்

பெப்டைடோடு கலைத்த ஒப்பீட்டையும் ஒரே ஆர்டரில் போடுங்கள். 'அப்புறம் பணம் வந்தா வாங்கிக்கலாம்' என்றால் வாங்கவே மாட்டீர்கள். தூய்மை 95 சதவீதம் என்று போட்டிருந்தாலும், நிகரப் பெப்டைடு அளவு எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். இரண்டும் வேறு. மெத்தியோனின் இருந்தால் ஆக்ஸிஜனேற்றம் ஆகும், அதற்குப் பதில் நோர்லியூசின் போட முடியுமா என்று பாருங்கள். மொத்தத் தூளை ஒரே குப்பியில் வாங்காமல், ஒரு மில்லிகிராம் குப்பிகளாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். சித்திரையில் சென்னையிலிருந்து கூரியரில் வரும் ஆன்டிபாடியில் ஐஸ் மிச்சம் இருக்காது, அதை ஆடிக்கு மேல் வரவழையுங்கள்.

பிரித்து வாங்கச் சொல்வதற்குக் காரணம் நான் பட்ட பாடு. ஒரு ஐப்பசியில், அடைமழை நேரத்தில், மைனஸ் இருபதிலிருந்து எடுத்த குப்பியை அவசரத்தில் அப்படியே திறந்தேன். ஆர்ஜினின் நிறைந்த தூள் காற்றிலிருந்த ஈரத்தை இழுத்துக் கண்முன்னே பிசின்போல ஆகிவிட்டது. மூன்று மாதச் சம்பளத்தின் பெரும்பகுதி அந்தக் குப்பி. குப்பி அறை வெப்பநிலைக்கு வர அரைமணி நேரம் மூடியபடியே வைத்திருந்தால் போதும்.

அம்பாசமுத்திரத்து மாணவி ஹெர்2-வையே எடுத்திருக்கிறாள். கலைத்த பெப்டைடுக்கும் சேர்த்து விலைப்பட்டியல் வாங்கி அனுப்பியிருந்தாள். கைடு இரண்டாவது வரியைச் சிவப்பு மையில் அடித்திருந்தார். அவரிடம் நானே பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.